விளையாட்டுக் கைக்கு உறை உண்டு, பட்டாசுக் கைக்கு?

நாலு சக்கரம் வைத்த பலகை. பெயர் ஸ்கேட்போர்டு. மாமல்லபுரத்துப் பிள்ளைகள் வரைக்கும் வந்தாச்சு. வெளிநாடுகளில் இதில் ஏறி நின்று மலை ரோட்டில் கீழே பாய்கிறார்கள் இளவட்டங்கள். பிரேக் கிடையாது! வேகம் குறைய வேண்டுமா? குனிந்து, ஒரு கையைத் தார் ரோட்டில் ஊன்றி, பலகையைக் குறுக்கே திருப்ப வேண்டும்.

வெறுங்கையை ஊன்றினால் தோல் உரிந்துவிடும். அதற்கு அவர்களே வீட்டில் கையுறை செய்கிறார்கள். வெல்டிங் பட்டறைத் தோல் கையுறை ஒரு ஜோடி. காய் நறுக்கும் கெட்டி பிளாஸ்டிக் பலகையில் வட்டமாக வெட்டிய இரண்டு துண்டு. ஓரத்தை மழுக்கி, உள்ளங்கையில் வெல்க்ரோ பட்டை வைத்து ஒட்டினால் தீர்ந்தது வேலை. பிளாஸ்டிக் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகும், கை தப்பும். தேய்ந்தால் வேறு துண்டு. 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி மலைச் சாலைகளில் கிளிஃப் கோல்மன் பழக்கிவிட்ட வித்தை இது.

இந்தக் கதை அச்சங்குளத்துக்கு எதற்கு என்கிறீர்களா? உரசல்தான் சங்கதி! அங்கே உரசினால் தோல் போகும். இங்கே மருந்து உரசினால் உயிரே போகும்.

சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தை நாடு மறக்குமா? 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. பட்டாசு ஆலை வெடித்துப் பலர் மாண்டார்கள். ஆலையை உள்குத்தகைக்கு விட்டதாகச் செய்தி வந்தது. அடைசலாக ஆள் வைத்ததாகவும் பேச்சு வந்தது.

சரி, தொழிலாளியும் வீட்டில் ஒரு உறை தைத்துக்கொள்ளட்டுமே என்று சொல்லிவிடலாமா? கூடாது! சறுக்குகிற பையனைக் காப்பாற்றுகிற அதே பிளாஸ்டிக், மருந்து அறையில் எமன். நைலான், பாலியெஸ்டர் உரசினால் மின்சாரம் சேரும். ஒரு சின்னப் பொறி போதும். பருத்தித் துணி உடுத்தச் சொல்வது அதனால்தான். எந்த வேலைக்கு எந்த உறை என்பது படித்தவர் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். கைக்குக் கிடைத்ததை மாட்டுகிற விஷயம் இல்லை.

பையன் ஆசைக்குச் சறுக்குகிறான். தன் கைக்குத் தானே பொறுப்பு. பட்டாசு அக்கா வயிற்றுக்கு உழைக்கிறார். அந்தக் கைக்கு முதலாளிதான் பொறுப்பு. பாதுகாப்பு வசதிக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது.

உறை மட்டும் கொடுத்தால் போதுமா? எண்ணிக்கைக்குக் கூலி என்றால், விரல் ஓடவில்லை என்று கழற்றித்தான் வைப்பார்கள். சும்மாவா கழற்றுகிறார்கள்? சாயங்காலம் கூலி குறையுமே! உறை போட்டு வேலை செய்தாலும் கூலி குறையாது என்று முதலாளி வாக்குக் கொடுக்கட்டும். அப்புறம் பாருங்கள், ஒருத்தர் கழற்றமாட்டார்.

உறை போட்டால் ஆலை வெடிக்காது என்று யாரும் சொல்லவில்லை. அறைக்கு அளவான ஆள், அறைக்கு அறை இடைவெளி, உரசாத வேலை முறை, இவைதான் முதல் காவல். அதைப் பார்க்க வேண்டிய அதிகாரிகள் வெடித்த பிறகு வந்து என்ன லாபம்? வெடிக்கும் முன்னே வரட்டும்.

தீபாவளிக்கு நம் வீட்டு வாசலில் சிதறுகிற ஒவ்வொரு மத்தாப்பிலும் ஒரு கை இருக்கிறது. அந்தக் கை வெறுங்கையாக இருக்கலாமா?