சந்தேகத்தையும் சொல்லுங்கள், சாமி!

2025 அக்டோபர். கிளியனூரில் என் வைத்தியசாலையைத் திறந்ததுமே ஒரு தாய் ஓடி வந்தார். கையில் பாதி தீர்ந்த இருமல் சிரப்.

"ஐயா, டி.வி.யில சொல்றாங்களே, அது இதுதானா?"

நல்லவேளை, அது வேறு மருந்து. குழந்தையும் திண்ணையில் ஓடியாடிக்கொண்டிருந்தது.

அவர் பயந்ததில் தப்பே இல்லை. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 'கோல்ட்ரிஃப்' சிரப் குடித்த குழந்தைகள் இருபது பேருக்கு மேல் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்! நம் அரசு ஆய்வகம் சோதித்தபோது, 0.1 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாத டை எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு அதில் 48.6 சதவிகிதம் இருந்தது. அக்டோபர் 1-ம் தேதி தகவல் வந்ததுமே தமிழக அரசு விற்பனைக்குத் தடை போட்டது. பாராட்டலாம். ஆனால், செப்டம்பரிலிருந்தே அங்கே குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்களே?

இது முதல் தடவையும் அல்ல. 1972-ல் சென்னையிலும் 1986-ல் பம்பாயிலும் இதே நஞ்சு உயிர்களைக் குடித்தது.

'ரிசல்ட் வரட்டும், முன்னாடியே சொன்னால் ஜனங்கள் பீதியடைவார்கள்' என்று சிலர் வாதாடுவார்கள். நான் ஒப்பமாட்டேன். சந்தேகத்தைச் சந்தேகம் என்றே சொல்லலாமே! "இன்ன மருந்து, இன்ன பேட்ச் எண், சோதனை நடக்கிறது. அதுவரை கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால், வாந்தி இருக்கிறதா, சிறுநீர் குறைகிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்." இதில் பீதி எங்கே வந்தது? மொட்டையாக 'மருந்தெல்லாம் விஷம்' என்பதுதான் பீதி. அதைக் கேட்டு பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களை, நான்தான் சத்தம் போட்டு மறுபடி சாப்பிட வைக்கிறேன்.

இங்கிலீஷ் மருந்தைத் திட்ட ஒரு சித்த வைத்தியனுக்குச் சான்ஸ் கிடைத்தது என்று நினைக்காதீர்கள். எங்கள் கூரையிலும் ஓட்டை உண்டு. 'சித்த மருந்துக்குப் பக்கவிளைவே கிடையாது' என்பது பொய். பாதரசம் சேர்ந்த மருந்தை முறைப்படி சுத்தி செய்யாவிட்டால் அதுவும் நஞ்சுதான்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் மரக்காணம் உப்பளத் தொழிலாளி ஒருவர் மூட்டுவலிக்கு வந்தார். மருந்து கொடுத்தேன். கடையில் வாங்கி தினமும் வலி மாத்திரை போட்டு வந்ததை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கால் வீங்கி வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. வெயிலில் வியர்த்துத் தண்ணீர் வற்றிய உடம்பில் வலி மாத்திரை சிறுநீரகத்தைத்தான் முதலில் பிடிக்கும். அதை அவருக்கு யாருமே சொல்லவில்லை. நானும்தான்! இன்றும் உறுத்துகிறது.

அதனால், எந்த வைத்தியரிடம் போனாலும் சாப்பிடும் மருந்தையெல்லாம் சொல்லுங்கள். 'இதனால் என்ன கெடுதல் வரலாம்?' என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மருந்துக்கடை பில்லை பத்திரமாக வையுங்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இருமல் சிரப் வேண்டவே வேண்டாம். மருந்தால் கெடுதல் என்று பட்டால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே சொல்லலாம்.

கேட்பது உங்கள் உரிமை. கேட்காமலே சொல்வது எங்கள் கடமை.