முகம் மட்டும் அழகானால் போதுமா?

தாம்பரத்திலிருந்து கத்திப்பாரா வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஒருநாள் போய் வந்தால் போதும், மேம்பாலத்தின் அருமை தெரியும். பல்லாவரத்தில் 2020-இல் பாலம் வந்தது. மேடவாக்கத்தில் 2022-இல் வந்தது. பெருங்களத்தூர் ரயில்வே கேட்டில் கால் கடுக்க நின்றவன், நேரம் தவறிக் கூலி இழந்தவன், பாலம் வேண்டாம் என்பானா? நாமும் சொல்லவில்லை. பாலம் வேண்டும்; இன்னும் பல வேண்டும்!

ஆனால், பாலம் தரையிலிருந்து ஏறுகிற இடத்தைக் கவனித்தீர்களா? அங்கே பெரும்பாலும் தூண் இல்லை. இருபுறமும் சுவர், நடுவே மண். அந்தச் சுவருக்குத்தான் இன்று அலங்காரம்! செதுக்கிய கல் போன்ற கான்கிரீட் கட்டி, பூ வேலை, வண்ணப் பூச்சு!

அழகு வேண்டாமா? வேண்டும். மாளிகை வாசலுக்கு மட்டுமா அழகு சொந்தம்? மூட்டை சுமப்பவன் பார்க்கிற சுவரும் அழகாகவே இருக்கட்டும். ஆனால், அழகு முகத்தில்; ஆயுள் உள்ளே!

உள்ளே என்ன இருக்கிறது? கட்டிகளைச் சாந்தின்றி அடுக்குகிறார்கள். இடையிடையே வலையை மண்ணுக்குள் நீட்டி விரிக்கிறார்கள். மேலே மண் கொட்டி, ரோலர் ஓட்டி இறுக்குகிறார்கள். மறுபடி கட்டி, மறுபடி வலை. மண்ணும் வலையும் கைகோர்த்துப் பாரம் தாங்குகின்றன. கட்டி வெறும் முகமே. மண்ணை உள்ளிருந்தே பிடித்து நிறுத்தும் முறைக்கு 1960-களில் வழி திறந்தவர் ஆன்றி விடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். 10 மீட்டர் உயரச் சுவருக்கு 7 மீட்டராவது வலை உள்ளே போக வேண்டும் என்பது பொதுக் கணக்கு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2014-இல் இதற்கென்றே நெறிமுறை வகுத்தது.

வலையில் ஒரு முழம் குறைத்தால் யார் கண்ணில் படும்? சரளைக்குப் பதில் களிமண் கொட்டினால் யார் அறிவார்? சுவர் சிரித்துக்கொண்டே நிற்கும், பெருமழை வரும் வரை!

2025 மே மாதம் கேரளத்தின் கூரியாட்டில், நெல்வயல் மீது உயர்த்திய தேசிய நெடுஞ்சாலை 66 சரிந்தது. அடிமண் பாரம் தாங்கவில்லை. நம் நிலம் மட்டும் என்ன? ஏரிக்கரையும் வயலும் மனைகளான நிலம்! 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறந்தோமா? ஆழங்காணா மணலில் அடித்தளமிடும் வித்தையைக் கல்லணையிடம் கற்றதாக ஆர்தர் காட்டனே ஒப்புக்கொண்டார். அந்த வித்தைக்கு உரியவர்கள் அடியை மறந்து முகத்தை மெழுகலாமா?

நாம் கேட்பது மூன்று. அடிமண் ஆய்வும், வலையின் நீளமும், மண் இறுக்கச் சோதனை முடிவும் தமிழில் எழுதிப் பாலத்தடியில் பலகையாக நிற்க வேண்டும். சுவருக்குப் பின்னே வடிகாலும், குறுக்கே மழைநீர் போக வழியும் வேண்டும். ஊரை இரண்டாக வெட்டாமல், மக்கள் நடந்து கடக்கப் பாதை வேண்டும். பிறகு பூ வரையட்டும், பொன்னே பூசட்டும்!

தோழர்களே! அடுத்த மழைக்குப் பின் உங்கள் ஊர்ப் பாலத்தைச் சுற்றி வாருங்கள். சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா? கட்டி இடுக்கில் மண் கசிகிறதா? மேலே சாலை வெடித்திருக்கிறதா? கண்டால் எழுதுங்கள், அதிகாரியிடம் கொடுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். அந்தச் சுவரோரம் நடப்பவர்கள் நம் பிள்ளைகள்!