பாடத் தெரியாத பாணன்

மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு ஒன்று 1974ல் அமெரிக்காவில் வெளிவந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. 1976ல் பாணன் என்ற வேடமும் அதில் சேர்ந்தது. இன்று நம் பையன்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இதை ஆடுகிறார்கள். இதில் எழும் ஒரு கேள்வி நம் கவிதைக்கும் உரியது என்பதால் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பாட்டு வராதவன், சுருதி எது தாளம் எது என்று பிரிக்கத் தெரியாதவன், பாணன் வேடத்தை ஏற்கலாமா?

கூடாது என்பது நம் வட்டத்து நண்பர்கள் சிலரின் கட்சி. ஞானமில்லாதவன் அந்தப் பெயரைத் தொடுவதே அபசாரம் என்கிறார்கள். பார்க்க சங்கீத பக்தி மாதிரி இருக்கிறது. யோசித்தால் அப்படியில்லை. அதே மேஜையில் இன்னொருவன் வீரன் வேடம் போடுகிறான். அவனை எழுந்து வாள் வீசிக் காட்டும்படி யாரும் கேட்பதில்லை. மந்திரவாதியிடம் மந்திரம் கேட்பதில்லை. பாணனை மட்டும் ‘எங்கே, பாடு பார்க்கலாம்’ என்று மடக்குவானேன்? புஜபலம் பாத்திரத்துக்கு உரியது என்றால் குரலும் பாத்திரத்துக்கு உரியதுதான்.

எதிர்க்கட்சி ஒன்றும் உண்டு. ‘பாடுகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லி, இருபது முகமுள்ள பகடையை உருட்டினால் போதும், பெரிய எண் விழுந்தால் பாட்டு நன்றாக அமைந்துவிட்டது என்று அர்த்தம் என்கிறது அது. விதி இதற்கு இடம் தருகிறது, வாஸ்தவம். ஆனால் என்ன பாடினான்? யாரிடம்? எதை வேண்டி? கேட்டவனிடம் என்ன மாறியது? பகடைக்கு இது எதுவும் தெரியாது. எண் விழுந்தது, பாணன் பிறக்கவில்லை.

இரண்டு கட்சியும் செய்யும் பிழை ஒன்றே. பாணன் என்றால் தொண்டை என்று நினைக்கிறார்கள். ஒருவர் அந்தத் தொண்டையைக் கேட்கிறார், மற்றவர் அது இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்கிறார். பாணனுக்குத் தொண்டையைத் தவிர வேறு வேலை இருந்தது என்பது இருவர் நினைவிலும் இல்லை.

இவ்வளவுக்கும் தமிழில் இது பழைய விஷயம். பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படையை விட்டுவிட்டால் மீதி நான்கு ஆற்றுப்படைகளும் வேடம் போட்டுப் பேசுபவைதாம். பேசுகிறவன் பொருநன், பாணன், கூத்தன். எழுதியவர்களோ முடத்தாமக்கண்ணியார், நத்தத்தனார், உருத்திரங்கண்ணனார், பெருங்கௌசிகனார். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் பெறாதவனுக்கு வழி சொல்வது இதன் அமைப்பு என்று தொல்காப்பியமே வகுத்துவிட்டது. இந்தக் கவிதைகள் வாய்மொழிப் பாணர் மரபைச் சேர்ந்தவை என்று கைலாசபதி 1968ல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் வாதித்தார். 1975ல் ஜார்ஜ் ஹார்ட், பாணர் வேறு புலவர் வேறு, பாணரின் மரபைப் புலவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள் என்று பிரித்தார். நான் ஹார்ட் பக்கம். யாழைத் தோளில் சுமந்தவன் அதை ஒவ்வொரு உறுப்பாக நமக்கு விவரித்துக்கொண்டிருக்க மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தவனுக்குத்தான் அது தேவைப்படும்.

பொருநராற்றுப்படையைத் திறந்து பாருங்கள். யாழின் பத்தல் மான் குளம்பு பதிந்த தடம்போல் நடுவே பிளவுபட்டிருக்கிறது. துளையை மூடிய ஆணி வளை நண்டின் கண்ணாக இருக்கிறது. வாய் எட்டாம் நாள் பிறை, ஆனால் உள்நாக்கு இல்லை. நரம்பு, குற்றிய தினையரிசி மாதிரி முறுக்கு விலகி மழமழத்திருக்கிறது. இசை பற்றி என்ன சொல்கிறது? பண்ணின் பெயர் பாலை என்கிறது. வழிப்பறிக் கள்வர் அதைக் கேட்டுக் கையிலிருந்த ஆயுதத்தை நழுவவிடுகிறார்கள் என்கிறது. அவ்வளவுதான். ராகம் விஸ்தரிக்கப்படவில்லை. பாட்டின் பலன் மட்டும் தெரிகிறது, அதுவும் கள்வன் கையில்.

அடுத்து பாணனின் பாடு. ஈரும் பேனும் குடியிருக்கிற, வேர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைத்துத் தைத்து ஓட்டுப்போட்ட கந்தல். பிறகு கரிகாலன் வீட்டில் இரவும் பகலும் இறைச்சி தின்று, கொல்லையை உழுத கொழுமாதிரி பல் மழுங்கிப் போகிறது. சிறுபாணாற்றுப்படையில் இதைவிடக் கொடுமை. ஈன்ற நாய் தன் கண் திறவாத குட்டிக்குப் பால் தர முடியாமல் அடுப்பங்கரையில் குரைக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடப் போகிறார்களே என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு சாப்பிடுகிறாள். அந்தச் சாத்திய கதவுக்கு எந்த ராகமும் ஈடில்லை. அப்புறம் வழி. நல்லியக்கோடனின் ஓய்மாநாடு திண்டிவனத்துப் பக்கம். மங்கலம்பேட்டையிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் தாண்டினால் வந்துவிடும். அந்நாட்டு வேலூரில் புளிச்சோறு கிடைக்கும், ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறு கிடைக்கும் என்று நத்தத்தனார் ஊர் ஊராகச் சொல்கிறார். பாணன் வேடத்துக்கு இவ்வளவு விவரம் வேண்டியிருந்தது. குரல் வேண்டியிருக்கவில்லை.

வங்கிக் கவுண்டரில் லட்சம் லட்சமாக எண்ணிக் கொடுக்கிறவனிடம் லட்சம் இருக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை தப்பக்கூடாது, அவ்வளவே.

இன்னொன்றையும் நண்பர்கள் யோசிக்கட்டும். யாழ் வாசித்த கைகள் போய்விட்டன, வாசிப்பு மரபும் அறுந்துபோயிற்று. விபுலானந்தர் தம் யாழ்நூலை 1947ல் வெளியிட்டபோது, மறைந்த கருவியை மீட்க அவருக்குக் கிடைத்த ஆதாரம் ஏட்டில் இருந்த வார்த்தை. வாசிக்கத் தெரிந்தவன் விட்டுப்போகாததைப் பார்த்து எழுதியவன் விட்டுப்போயிருக்கிறான்.

சென்ற நூற்றாண்டு இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டது. கிட்டப்பா காலத்து மேடையில் பாட வராதவனுக்கு ராஜபார்ட் இல்லை. சினிமா இரவல் குரலைக் கொண்டுவந்தது. ஏ.பி. நாகராஜனின் திருவிளையாடலில் (1965) மூன்று பாடகர்கள் வருகிறார்கள். ஏமநாத பாகவதராக பாலையா, குரல் பாலமுரளிகிருஷ்ணாவினுடையது. விறகு வெட்டியாக வரும் சிவனாக சிவாஜி கணேசன், குரல் டி.எம். சௌந்தரராஜனுடையது. பாணபத்திரராக டி.ஆர். மகாலிங்கம், அவர் தாமே பாடினார். நண்பர்கள் கட்சிப்படி மகாலிங்கத்தின் பாத்திரமே உயிரோடிருக்க வேண்டும். அவர் பாட்டு நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாத்திரமாக நிற்பது பாலையாதான். வாயசைப்பால் அல்ல. உட்காருவதிலும் கழுத்தைத் திருப்புவதிலும் இருந்த கர்வத்தால், விறகுக்காரனின் பாட்டைக் கேட்டதும் அந்தக் கர்வம் கரைவதால். அது பாலையாவின் சொந்தச் சரக்கு.

பரஞ்சோதியின் மூலக்கதையும் இதையே சொல்கிறது. சர்வ இசையும் அறிந்த சிவன் அங்கே ஏற்பது, தகுதியில்லை என்று பாணபத்திரனால் தள்ளப்பட்டவனின் வேடம். தள்ளப்பட்டவனே இப்படியென்றால் தேர்ந்தவன் எப்படியிருப்பான் என்று கணக்குப் போட்டுத்தான் ஏமநாதன் இரவோடிரவாக ஓடுகிறான். பாட்டு பாதி வேலை செய்தது. மீதியை வேடம் செய்தது.

இரவல் வாங்குவதும் குற்றமில்லை. எங்கள் பக்கத்துக் கூத்தில் வேஷக்காரன் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, பின்பாட்டுக்காரர்கள் வாங்கி மேலே கொண்டுபோவார்கள். அவன் குரல் கட்டியிருந்தாலும் ஆட்டம் நிற்காது. அவர்கள் ஒளிந்திருப்பதில்லை. ஆர்மோனியத்தோடும் முகவீணையோடும் சபைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். யார் குரல் எது என்று ஜனங்களுக்குத் தெரியும். மறைப்பதுதான் போலி.

இப்போது நம் கவிஞர்களுக்கு வருகிறேன். என் சண்டை மேஜையில் பகடை உருட்டும் பையனோடு அல்ல. அவன் ‘எனக்குப் பாட வராது, என் பாத்திரம் பாடுகிறது’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறான். நம் கவிஞர்கள் சொல்வதில்லை. ‘நான் பாணன்’ என்று தொடங்கும் கவிதைகள் நம் சிறுபத்திரிகைகளில் நிறைய வருகின்றன. இந்தப் பத்திரிகையும் விலக்கல்ல. யாழ் வருகிறது, விறலி வருகிறாள், சுரம் வருகிறது. சீறியாழா பேரியாழா என்று கேட்டால் பதிலில்லை. இந்தப் பாணன் எந்த ஊரில் கிளம்பினான், எங்கே தண்ணீர் குடித்தான், எவன் வாசலில் விரட்டப்பட்டான் என்பதில்லை. பசி என்ற வார்த்தை இருக்கிறது, வேளைக்கீரை இல்லை. ஓசை மட்டும் பழைய பாட்டின் ஓசை. பின்னால் நத்தத்தனார் பாடிக்கொண்டிருக்க, முன்னால் இவர்கள் உதட்டை அசைக்கிறார்கள். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள், குரல் பழக்கமானது என்பதால். நண்பர்கள் அபசாரம் என்ற வார்த்தையை இங்கே உபயோகித்தால் நானும் கூடச் சேர்ந்துகொள்வேன்.

பாணன் வேடத்தை யார் வேண்டுமானாலும் ஏற்கட்டும். தாளம் தப்புகிறவன், கட்டைத் தொண்டைக்காரன், ஊமைகூட ஏற்கட்டும். ஆனால் ஏற்றவனை நாம் விசாரிக்க வேண்டும். பாட்டைக் கேட்க வேண்டாம். நேற்று எங்கே சாப்பிட்டாய், எந்த வழியாக வந்தாய், யார் கொடுத்தான், யார் இல்லையென்றான், உனக்குப் பின்னால் வருகிறவனுக்கு என்ன வழி சொல்லப்போகிறாய் என்று கேட்க வேண்டும். இதற்குப் பதில் இருக்கிற கவிதையை அடுத்த இதழில் போடலாம். இல்லாததைத் திருப்பி அனுப்பிவிடலாம், தபால்தலை வைத்திருந்தால்.