விருந்துக்கு தோசை வேண்டாம்

சொன்னா சண்டைக்கு வருவீங்க. இருந்தாலும் சொல்லிடறேன். மே மாசத்துல சொந்தபந்தம் கூடுற வீட்டுல தோசை, பூரி, வடை, பஜ்ஜி இந்த நாலையும் தடை பண்ணணும். சட்டம் போட்டுத்தான் தடுக்கணும்னாலும் எனக்கு சம்மதம்.

ஏன்னு கேக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. கோடை லீவுல திருச்சியில எங்க வீட்டுல கூடுறது நண்டு சிண்டு எல்லாம் சேர்த்து 25 பேர். ஆளுக்கு மூணு தோசைன்னா 75. ஒரு கல்லுல ஒரு தோசைக்கு ரெண்டு நிமிஷம். ஆக மொத்தம் 150 நிமிஷம், ரெண்டரை மணி நேரம். இதுல "எனக்கு முறுகலா", "எனக்கு வெங்காயம் போட்டு", "எனக்கு எண்ணெய் கம்மியா" எல்லாம் சேர்க்கலை. வெளியே அக்னி நட்சத்திரம். அடுப்படியில ஃபேன் போட முடியாது, போட்டா அடுப்பு அணையும். ஹால்ல உக்காந்து "அடுத்தது வரலையா?"ன்னு குரல் குடுக்கறவருக்கு இதெல்லாம் தெரியறதே இல்லை. நானும் அப்படி குரல் குடுத்தவன்தான், மறைக்கலை.

இப்ப ஒரு கொசுவத்தி. 2017 மே மாசம். அன்னிக்கும் தோசைதான், தொட்டுக்க மூணு வகை சட்னி. சித்திதான் கல்லு முன்னாடி நின்னாங்க. யாரும் நிக்கச் சொல்லலை, வேற யாரும் நிக்கவும் இல்லை. கடைசி பந்தி முடியற நேரத்துல உள்ளே ஏதோ விழுந்த சத்தம். போய்ப் பார்த்தா சித்தி சுவத்துல சாஞ்சு கீழே உக்காந்திருக்காங்க, கரண்டி ஒரு பக்கம் கிடக்கு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்ததாம். மோரும் உப்பும் குடுத்து, ஃபேனுக்குக் கீழே படுக்க வச்சதும் கொஞ்ச நேரத்துல சரியாயிட்டாங்க. எழுந்ததும் முதல்ல கேட்டது, "மாவு மூடி வச்சீங்களா?"

அன்னிக்கு எடுத்த போட்டோ எல்லாத்தையும் ராத்திரி பார்த்தோம். அறுபது எழுபது இருக்கும். ஒண்ணுல கூட சித்தி இல்லை. பழைய ஆல்பத்தையும் எடுத்துப் புரட்டினா அதுலயும் அதே கதை.

அடுத்த வருஷம் நான்தான் பேச்சை ஆரம்பிச்சேன். பதினோரு மணிக்கு மேல அடுப்பு எரியக் கூடாது. அந்த ஒரு விதிக்குள்ள அடங்குற சாப்பாடு மட்டும்தான். உடனே பெரியப்பா, "ஏன்டா, வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஆறின சோத்தைப் போடறதா மரியாதை?"ன்னார். பெரியப்பா, ஆடிப்பெருக்குக்கு காவிரிக்கரைக்கு தூக்குல கட்டிக்கிட்டுப் போறோமே, அது என்ன சூடாவா இருக்கு? ரயில்ல ராமேஸ்வரம் போறப்போ எண்ணெய் தடவின இட்லியும் மிளகாய்ப்பொடியும் சாப்பிட்டு அடுத்த பொட்டலத்துக்கும் கை நீட்டினது யாரு? முன்னாடியே செஞ்சு வச்சு சாப்பிடறதுல நம்மாளுங்களை மிஞ்ச ஆள் கிடையாது. வெளியூர் கிளம்பினா கட்டுச்சோறு அமிர்தம், அதே சோறு வீட்டுல தட்டுல விழுந்தா மரியாதைக் குறைச்சலாம். இந்த லாஜிக் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. (இதையெல்லாம் மனசுக்குள்ளதான் சொன்னேன், பெரியப்பாவை எதுத்துப் பேசற தைரியம் ஏது.)

மெனு சிக்கலே இல்லை. புளியோதரை, தயிர் சாதம், வத்தல் வடகம், மோர் மிளகாய், மாங்காய் தொக்கு. குடிக்க பானகமும் நீர்மோரும். கடைசியில மாம்பழம், நுங்கு. அவ்வளவுதான்.

"அசைவம் இல்லாம என்ன விருந்து"ன்னு மாமா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டார். நியாயமான கேள்வி. அதுக்கு மீன் குழம்பு இருக்கு. முதல் நாள் சாயங்காலம் வச்சு, ஆறினதும் ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிட்டா மறுநாள் ஒரு தடவை நல்லா கொதிக்க விட்டா போதும். புளியும் காரமும் மீன்ல ஊறி, வச்ச அன்னிக்கு இருந்ததை விட ருசியா இருக்கும். விருந்து ஞாயித்துக்கிழமைன்னா குழம்பு சனிக்கிழமை வைக்கணும். எங்க பாட்டி சனிக்கிழமை அசைவத்தைத் தொட மாட்டாங்க. போச்சுடா, இங்கதான் முட்டப்போகுதுன்னு நினைச்சேன். பாட்டி ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "சனிக்கிழமை சாப்பிடத்தான் கூடாது, சமைக்கலாம்"னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. மாமா கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆனா முதல் வருஷம் நான் ஒரு பெரிய தப்பு பண்ணினேன். முன்னாடியே செய்யணும்னு மட்டும் யோசிச்சேன், யார் செய்யறதுன்னு யோசிக்கலை. என்ன ஆச்சு? ஞாயித்துக்கிழமை மதியம் நிக்கிறதுக்குப் பதிலா சனிக்கிழமை ராத்திரி ஒரு மணி வரைக்கும் நின்னாங்க. அதே சித்தி, கூட எங்க அம்மா. மறுநாள் எல்லாரும் "சூப்பர் ஐடியா"ன்னு என்னைத்தான் பாராட்டினாங்க. தங்கமணி மட்டும் ஓரமா கூப்பிட்டு, "வேலையை நீங்க குறைக்கலை, தேதியைத்தான் மாத்திருக்கீங்க"ன்னு சொன்னா. பதில் பேச வாய் வரலை.

அப்புறம்தான் மண்டையில உறைச்சது. தோசையைப் பங்கு போட முடியாது. கல்லு ஒண்ணு, ஆள் ஒண்ணு. புளிக்காய்ச்சலைப் பங்கு போடலாம். மதுரையில இருக்கற அத்தை அவங்க வீட்டு அடுப்புல, அவங்களுக்குத் தோதான நாள்ல, பத்து நாள் முன்னாடியே காய்ச்சி பாட்டில்ல அடைச்சு பஸ்ல கொண்டு வரலாம். ஒரு கிலோ அரிசிக்கு 150 கிராம் புளின்னு அத்தை கணக்கு. நல்லெண்ணெய் மேல மிதக்கற வரைக்கும் சுண்டணும், கையே கலங்கலை நனைஞ்ச கரண்டியை விடக் கூடாது. தொக்கு பெரியம்மா பொறுப்பு. வத்தல் வடகத்தை அவங்களே சனிக்கிழமை பொரிச்சு, ஆறவிட்டு, காத்துப் போகாத டின்ல போட்டுடுவாங்க. மாமா சந்தைக்குப் போய் மாம்பழம் எடுக்கறார். திருச்சிக்காரங்களுக்கு இமாம்பசந்த் இல்லாம கோடை கிடையாது, விலை கேட்டா மட்டும் நெஞ்சு அடைக்கும். காலையிலேயே பழத்தை வாளித் தண்ணியில போட்டுடறார்.

பானகம் என் தலையில. சமையலே தெரியாதவனுக்கு இதை விட நல்ல வேலை கிடையாது. வெல்லத்தைக் கரைச்சு, மண்ணு போக வடிகட்டி, சுக்கு ஏலக்காய் தட்டிப்போட்டு ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல வச்சுடறேன். எலுமிச்சம்பழம் மட்டும் காலையில பிழியறது. வீட்டுல ஆம்பளைங்களுக்கு வேலை குடுக்கணும்னா இப்படி முன்கூட்டி செய்யற மெனுதான் வசதி. நேரம் எடுத்துக்கலாம், சொதப்பினா மறுபடி செய்யலாம். பந்தியில ஆள் உக்காந்திருக்கும்போது தோசை திருப்பக் கத்துக்க முடியாது பாருங்க.

சோறு விஷயத்துல மட்டும் கொஞ்சம் சீரியஸா பேசணும். முன்கூட்டிங்கறதுக்காக சோத்தையும் முதல் நாளே வடிச்சு வெளியே வச்சுடாதீங்க. அரிசியில பாசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கும். சோறு கொதிச்சாலும் அதோட வித்து சாகாது. வெதுவெதுப்புல மணிக்கணக்கா கிடந்தா முளைச்சுப் பெருகி ஒரு விஷத்தைக் கக்கும். வாந்தி வர வைக்கிற அந்த விஷம் திரும்ப சூடு பண்ணினாலும் போகாது. அமெரிக்க வேளாண்மைத் துறை என்ன சொல்லுதுன்னா, சமைச்ச சாப்பாடு வெளியே ரெண்டு மணி நேரம் இருக்கலாம், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினா ஒரே மணி நேரம். மே மாசத்துல இங்க 32 டிகிரின்னா குளிர்ன்னு போர்வை தேடுவோம். அவங்க கணக்குப்படி பார்த்தா நம்ம கட்டுச்சோறு மொத்தமும் கிரிமினல் குத்தம்.

புளிப்பு அதிகமா இருந்தா கிருமி வளர சிரமப்படும்கறதும் உண்மைதான். அதனாலதான் நம்ம ஆளுங்க பயணத்துக்குப் புளியையும் தயிரையும் எலுமிச்சையையும் பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்காக பேருக்கு ரெண்டு கரண்டி காய்ச்சல் விட்டுப் பிரட்டின மஞ்சள் சோறு தாங்கும்னு நம்பாதீங்க. நாங்க பண்றது: காலையில பத்து மணிக்கு சோறு வடிச்சு, அகலமான தாம்பாளத்துல பரப்பி, சூடு அடங்கினதும் கலந்துடறோம். தயிர் சாதத்துக்கு சோத்தைக் குழைச்சு ஆறவிட்டு, காய்ச்சி ஆறின பாலும் தயிரும் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்துக் கலக்கறோம். பன்னெண்டு மணிக்கு இலை. மிஞ்சினது உடனே ஃப்ரிட்ஜுக்கு. சாயங்காலம் வரைக்கும் மேஜையில மூடி வைக்கற பேச்சே கிடையாது. தேங்காய் சட்னி, தேங்காய் அரைச்ச கூட்டு எதுவும் பக்கத்துலயே வரக்கூடாது, வெயில்ல முதல்ல ஊசிப்போறது அதுதான்.

ஹோட்டல்ல ஆர்டர் பண்ணிட்டா முடிஞ்சதேன்னு ஒருத்தர் கேப்பார். பண்ணலாம், தப்பில்லை. ஆனா அத்தை பாட்டிலைத் திறக்கும்போது வர்ற வாசனைக்கு எல்லாரும் எட்டிப் பார்ப்பாங்களே, பிளாஸ்டிக் டப்பாவைப் பிரிச்சா யாரு எட்டிப் பார்க்கறா?

சித்திக்கு எந்த வேலையும் போடலை. "நீங்க வந்தா மட்டும் போதும்"னு போன்ல கறாரா சொன்னேன். கேப்பாங்களா? ஒரு டின் முறுக்கோட வந்து இறங்கினாங்க. பரவாயில்லை, முறுக்கு பதினஞ்சு நாள் தாங்கும், விதிக்கு உட்பட்டதுதான். சாப்பிட்டு முடிச்சுட்டு மத்தியானம் பாட்டி, அத்தை, சித்தி மூணு பேரும் தாயம் ஆடினாங்க. சித்தி இவ்வளவு அழுகுணி ஆட்டம் ஆடுவாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

டிஸ்கி: பாத்திரம் யார் கழுவறதுங்கற பஞ்சாயத்து இன்னும் முடியலை. போன வருஷம் வாழை இலையும் பேப்பர் கப்பும் வாங்கி சமாளிச்சோம். மீன் குழம்புச் சட்டி மட்டும் மிஞ்சுச்சு. அதை மாமாதான் தேய்ச்சார், கேட்டது அவர்தானே.