ஃபைட்டர் மீனும் ஐந்தரை மணிக் காபியும்

என் மேசையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் ஒரே ஒரு மீன். நீல உடம்பு, ஓரம் சிவந்த துடுப்பு. கடைக்காரர்கள் 'ஃபைட்டர்' என்று சொல்லி விற்கும் ஜாதி. பேத்தி அதற்கு 'துரை' என்று பெயர் வைத்திருக்கிறாள். காலை ஏழு மணிக்கு நான் நாற்காலியை இழுத்துப் போட்டதும் துரை பின்பக்கச் செடியிலிருந்து கிளம்பி முன்கண்ணாடிக்கு வந்து, உடம்பை இப்படியும் அப்படியும் நெளித்துக்கொண்டு நிற்கும். விரலை இடப்பக்கம் கொண்டுபோனால் இடப்பக்கம் வரும், வலப்பக்கம் கொண்டுபோனால் வலப்பக்கம்.

"தாத்தா, அதுக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு" என்கிறாள் பேத்தி. "அப்பா, அது தீனிக்கு வருது. பிடிச்சிருக்காவது, ஒண்ணாவது" என்கிறான் மகன். இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். மீன் வளர்க்காதவர்களும் படிக்கலாம். விஷயம் மீனோடு நிற்கவில்லை.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். துரை எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாவது ஃபைட்டர். முதலாவதைப் பேத்தி கும்பகோணத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் கொண்டுவந்தாள். "இது எதிலயும் இருக்கும் சார், சின்ன பாட்டில் போதும்" என்று கடையில் சொன்னதை நம்பி ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டோம். சாயங்காலம் யாராவது வந்தால் நான் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அதன் முன்னால் காட்டுவேன். உடனே செவுள் மூடி இரண்டையும் விரித்து, துடுப்பையெல்லாம் விசிறியாக்கி, இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். வந்தவர்கள் அசந்துபோவார்கள். கண்ணாடி இல்லாமல் நான் முகத்தைக் கிட்டே கொண்டுபோனாலும் சில நாள் அப்படி விரித்துக் காட்டும். "எனக்கு சலாம் வைக்கிறது பாருங்கள்" என்று பெருமையடித்துக்கொள்வேன்.

மார்கழியில் ஒரு வாரம் அது அடியிலேயே படுத்திருந்தது. கோபித்துக்கொண்டிருக்கிறது என்று பேத்தியிடம் வேடிக்கையாகச் சொல்லி, சமாதானப்படுத்தக் கூடுதலாகத் தீனி போட்டேன். ஒரு நாள் காலையில் பக்கவாட்டில் மிதந்தது.

பிறகுதான் படித்தேன். இறந்த பிறகு புத்தகம் தேடுவது நம் வழக்கம்தானே.

ஃபைட்டரின் சொந்த ஊர் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து. அங்கே வயல்களிலும் ஆழமில்லாத தேங்கு நீரிலும் வாழ்வது. அந்த நாட்டு அரசு 2019-இல் இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்திருக்கிறது. செவுளுக்கு மேலே இதற்கு ஒரு தனி உறுப்பு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து நேரடியாகக் காற்றை விழுங்கி மூச்சுவிட முடியும். டம்ளரில்கூட உயிரோடு இருப்பதற்கு அதுதான் காரணம். டம்ளரில் சாகாமல் இருக்கிறது என்பதற்காக டம்ளர் அதற்குப் போதும் என்று ஆகாது. அரிசி இல்லாத நாளில் கஞ்சித் தண்ணீர் குடித்தும் மனிதன் உயிரோடு இருந்திருக்கிறான், அதற்காகக் கஞ்சித் தண்ணீரே போதும் என்று யாரும் சொன்னதில்லை.

இந்த மீனுக்குத் தண்ணீர் 24 முதல் 28 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் ஒரு லிட்டர் பாட்டில் ராத்திரியில் சில்லிட்டுப் போயிருக்கும். அது கோபமில்லை, குளிர். செவுளை விரித்ததும் சலாம் இல்லை, 'என் எல்லைக்குள் வராதே' என்ற எச்சரிக்கை. தினமும் சாயங்காலம் ஓடிப்போகவும் மறுக்கிற, தோற்கவும் மறுக்கிற ஓர் எதிரியை அதன் முன்னால் நிறுத்தி நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஒரு வேலையைச் செய்தால் கண்ணாடி தெரியும் என்று பழக்கியபோது ஃபைட்டர் மீன் அதற்காகவே அந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததாக 1963-இல் ஓர் அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். சண்டைக்கு அவ்வளவு ஆவல். ஆனால் ஆவல் வேறு, ஆனந்தம் வேறு. வாய்தாவுக்கு ஒரு நாள் தவறாமல் கோர்ட்டுக்குப் போகும் நம் ஊர்ப் பங்காளிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டினால் மீன் மகிழ்ச்சியாக இருக்கிறது, நம் மேல் பிரியமாக இருக்கிறது என்றும் சொல்வார்கள். ஆண் மீன் முட்டைக்காகக் கட்டும் தொட்டில் அது. பெண் மீனே இல்லாவிட்டாலும், இருக்கும் இடம் அவ்வளவு நன்றாக இல்லாவிட்டாலும்கூடக் கட்டும். முட்டையை வாயில் பொறுக்கி நுரையில் வைத்துக் காவல் காப்பதும் தகப்பன்தான்.

இதைப் படித்தபோது எனக்கு வயல் வரப்பு ஞாபகம் வந்தது. நான் பிறந்து படித்தது காரைக்காலில். பிரெஞ்சு வழிப் பள்ளிக்கூடம். பாடத்தில் சயாமின் மீன் 'கொம்பத்தான்', சண்டைக்காரன், என்று படித்தோம். பள்ளி விட்டதும் வாய்க்காலில் துண்டை விரித்துப் பிடித்ததோ விரல் நீளத்தில், மர நிறத்தில், வால் நடுவில் கூராக நீண்ட ஒரு பொடி மீன். அதற்கு நாங்கள் பெயர்கூட வைக்கவில்லை. பொடி மீன் என்றால் முடிந்தது. அது இந்த ஃபைட்டரின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது எனக்கு எழுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதுவும் காற்றை விழுங்கும், அதுவும் நுரைக்கூடு கட்டும், அதிலும் ஆண்தான் காவல். பிரெஞ்சு விஞ்ஞானி குய்வியே 1831-இல் அதற்குப் பெயர் வைத்தார். மீன் கிடைத்தது புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றில், அதனால் 'குப்பம்' என்பதையே லத்தீனில் திருகிக் 'குபானுஸ்' என்று வைத்துவிட்டார். நம் பொடி மீன் ஊர்ப் பெயரோடு பாரிஸ் வரை போய் வந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

இன்னொரு சொந்தக்காரன் பனையேறி. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் வேலை பார்த்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, 1791-இல் குளத்தங்கரைப் பனைமரத்தில் இந்த மீன் ஏறுவதைப் பார்த்ததாக எழுதினார். அது 1797-இல் லண்டனில் அச்சானது. மரம் ஏறியதோ இல்லையோ, மழை பெய்தால் தரையில் நடந்து அடுத்த குட்டைக்குப் போவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். குறுவைக்கும் சம்பாவுக்கும் மருந்து அடிக்க ஆரம்பித்த பிறகு வயலில் மீன் பார்ப்பது அரிதாகிவிட்டது. வாய்க்கால் மீனைத் தொலைத்துவிட்டு சயாம் மீனைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

வழக்குக்கு வருகிறேன். துரைக்கு என்னைத் தெரியுமா, தெரியாதா?

பிரெஞ்சு வாத்தியார்கள் தெக்கார்த் என்ற தத்துவ ஞானியைச் சொல்லுவார்கள். 17-ஆம் நூற்றாண்டுக்காரர். விலங்குகள் கடிகாரம் மாதிரி எந்திரங்கள், அவற்றுக்குள் ஆன்மா இல்லை என்றார். அதே நூற்றாண்டில் கதைப்பாட்டு எழுதிய லா ஃபோந்தேன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. விலங்குகளைக் கவனித்துப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான் என்பது அவர் கட்சி. என் மகன் பிரெஞ்சு படிக்காமலே தெக்கார்த் கட்சி, பேத்தி லா ஃபோந்தேன் கட்சி.

விஞ்ஞானம் இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சி பிடிக்கும் மீன் ஒன்று உண்டு. பழக்கப்படுத்திய ஒரு மனித முகத்தை 44 புது முகங்களிலிருந்து அது பிரித்து அடையாளம் காட்டியதாக 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். முகத்தைப் படிக்க நம்மைப் போன்ற மூளை கட்டாயமில்லை என்று அதிலிருந்து தெரிகிறது. ஃபைட்டரும் மட்டமான ஆளில்லை. பக்கத்தில் இரண்டு மீன் சண்டை போட்டால் யார் ஜெயித்தான் என்று பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு ஜெயித்தவனிடம் ஜாக்கிரதையாகப் போகிறது என்று 1998-இல் ஓர் ஆய்வு வந்தது. கவனிக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்கிறது. இது வெறும் கடிகாரம் செய்யும் வேலை இல்லை.

நானே ஒரு சோதனை செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மருமகளை என் நாற்காலியில் உட்கார வைத்து, என் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டு, தீனி டப்பாவைக் கையில் கொடுத்தேன். நான் கதவோரம் நின்றேன். "மாமா, இதெல்லாம் எதுக்கு?" என்று சிரித்தாள். துரை செடியிலிருந்து கிளம்பி முன்கண்ணாடிக்கு வந்தது. அதே நெளிவு. அவள் விரலோடும் இடம் வலம் போனது.

மகன் ஜெயித்துவிட்டான். உண்மையைச் சொன்னால் எனக்கு அன்று காலை இட்லி இறங்கவில்லை. ஒரு மீன் விஷயத்துக்கு இவ்வளவு வருத்தமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வருத்தம் மீனைப் பற்றியது மட்டுமில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

நான் முப்பத்தாறு வருஷம் அரசாங்க எழுத்தர். என் ஜன்னலுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! வணக்கம் வைத்து, பிள்ளைகளை விசாரித்து, பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர்கள். ஓய்வு பெற்ற அடுத்த மாதம் அதே ஜன்னலில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார், வணக்கம் அவருக்குப் போனது. தீனி டப்பா யார் கையில் இருக்கிறதோ அவருக்கு. இதைப் படிக்கும் ஓய்வூதியர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால் அன்று மத்தியானம் வேறொன்றும் ஞாபகம் வந்தது. ஆபீஸ் விட்டு ஐந்தரை மணிக்கு நான் வீட்டுக்குள் நுழைவேன். செருப்பைக் கழற்றும்போதே "காபி" என்பேன். ஒரு நாள் என் மனைவி டம்ளரை நீட்டிக்கொண்டே, "காபிக்காக வர்றீங்களா, என்னைப் பாக்க வர்றீங்களா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன், பதில் சொல்லவில்லை. இன்று அவள் இல்லை. ஐந்தரை மணிக்கு மருமகள் ஃபிளாஸ்கில் வைத்துவிட்டுப் போன காபி இருக்கிறது. நல்ல காபிதான். ஆனால் இத்தனை வருஷம் நான் காபிக்காக மட்டும் வரவில்லை என்பது இப்போது தெரிகிறது. அன்று யாராவது சோதனை வைத்திருந்தால் நானும் அந்த நாற்காலிக்கும் டம்ளருக்கும்தான் போயிருப்பேன். தேவை எது, பிரியம் எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. துரையிடம் மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறேன்?

ஆகவே என் தீர்ப்பு இது. மீன் நம்மை நேசிக்கிறதா என்பது தவறான கேள்வி. அது நம்மை நம்பி வருகிறது, அது கண்ணால் பார்க்கும் உண்மை. தேவையில் தொடங்கும் உறவு பொய் உறவு இல்லை. கைக்குழந்தையும் பாலுக்குத்தான் அழுகிறது. வருகிறவன் எதற்காக வருகிறான் என்று துருவுவதை விட்டுவிட்டு, வந்தவனுக்கு நாம் என்ன செய்கிறோம் என்று பார்ப்பதுதான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனின் வேலை. மகன் சொல்வது சரியாகவே இருக்கட்டும். தீனிக்காக வருகிறது என்றால், அதற்கு நம்மைத் தவிர வேறு வழியில்லை என்றும் அர்த்தம். அப்போது நம் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

பேரன் பேத்திகளுக்கு ஃபைட்டர் வாங்கித் தர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பாட்டில் வேண்டாம், இருபது லிட்டர் தொட்டி வாங்குங்கள். அடியில் ஒளிந்துகொள்ள ஒரு செடி, மேலே மூடி. இது துள்ளிக் குதிக்கும், அதேசமயம் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் மூச்சுக்குக் காற்று வேண்டும். தீனி காலையில் இரண்டு மூன்று உருண்டை, மாலையில் அதே அளவு. பிரியத்தை அளவு கூட்டிக் காட்டாதீர்கள், முதல் மீனை நான் அப்படித்தான் கெடுத்தேன். இரண்டு ஆண்களை ஒன்றாக விடாதீர்கள். கண்ணாடி காட்டி வேடிக்கை பார்க்காதீர்கள். அடியில் கிடந்தால் கோபம் என்று கதை கட்டாமல் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். சலித்துவிட்டது என்று ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விடவே விடாதீர்கள். அப்படி விட்ட தொட்டி மீன்கள் பெருகி உள்ளூர் மீனை என்ன செய்யும் என்பதற்குச் சென்னை ஏரிகளில் பரவிவிட்ட சக்கர் மீனே சாட்சி.

துரைக்கு வயசாகிறது. இந்த ஜாதி இரண்டு மூன்று வருஷம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் இருக்கும். இப்போதெல்லாம் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டாலும் மெதுவாகத்தான் கிளம்புகிறது. நானும் மெதுவாகத்தான் இழுக்கிறேன். எனக்காகவோ தீனிக்காகவோ, வருகிறது. முன்னே என்றால் டப்பாவைத் திறந்து போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். இப்போது தீனி போட்ட பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.