ஒரே உலையில் இரு கருவிகள்



சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின், எம்மிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் தம் தந்தையுடன் திருக்கோகர்ணத்தில் உள்ள என் இல்லத்திற்கு வந்தார். பொறியியல் பட்டம் பெற்றவர். வயலுக்கு மருந்து தெளிக்கும் ஆளில்லாச் சிறு விமானம் ஒன்றை நண்பர்களுடன் உருவாக்கி வருகிறார்.

"ஹஜ்ரத், இதே கருவி எல்லையைக் கண்காணிக்கவும் பயன்படும். பாதுகாப்புத் துறை உதவித்தொகை தருகிறது. விண்ணப்பிக்கலாமா?" என்றார்.

தந்தையோ, "ஆயுத வேலை நமக்கு எதற்கு ஹஜ்ரத்? நம் பெயரைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார்கள்" என்றார்.

கலைப் பட்டதாரியான நான் விசாரித்து அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

போருக்கும் வாழ்வுக்கும் ஒருங்கே பயன்படும் கருவிகள் புதியவை அல்ல. கைப்பேசியில் கிப்லா திசை அறிகிறோமே, அதற்கு இடம் காட்டும் செயற்கைக்கோள்கள் அமெரிக்க இராணுவத்திற்காக அமைக்கப்பட்டவை. இராமேசுவரம் தந்த அப்துல் கலாம், ஏவுகணைக்கான இலேசான கலவைப் பொருளைக் கொண்டு, 3 கிலோ எடைக் கால்தாங்கியை இழுத்து நடந்த குழந்தைகளுக்கு 300 கிராமில் தாங்கி செய்து கொடுத்தார். படகுக்காரரின் மகனான அவரே பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராகவும் விளங்கினார். தந்தையின் அச்சத்திற்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

'ஐடெக்ஸ்' என்னும் திட்டம் 2018 ஏப்ரலில், சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கப்பெற்றது. படைகள் தம் தேவைகளைப் போட்டியாக அறிவிக்கும். தேர்வாகும் இளம் நிறுவனத்திற்கு 1.5 கோடி ரூபாய் வரை கிடைக்கும். பின்னர் வந்த 'பிரைம்' பிரிவில் 10 கோடி, 2024இல் வந்த 'அதிதி' திட்டத்தில் 25 கோடி வரை உயர்ந்தது. கோவையின் 'ஃபோர்ஜ்' போன்ற வளர்ப்பகங்கள் வழிகாட்டுகின்றன. 2019 சனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழகப் பாதுகாப்புத் தொழில் தடத்தில் திருச்சியும் ஒரு மையம்; புதுக்கோட்டைக்கு அது அண்டை ஊர் அல்லவா? நேட்டோ நாடுகளும் 'டயானா' என்னும் அமைப்பின் வழியே, 2023இல் தேர்ந்த நிறுவனங்களுக்கு ஆளுக்கு 1 லட்சம் யூரோ அறிவித்தன.

இது மானியம், வட்டிக் கடன் அன்று. எனவே நம் குடும்பங்களின் முதல் தயக்கம் நீங்குகிறது. ஆயினும் செலவில் பாதியை நிறுவனமே ஏற்க வேண்டும். அந்தப் பாதிக்காக வட்டிக்கு வாங்கினால், முன்வாசலில் விரட்டியதைக் கொல்லைப்புறமாக அழைத்த கதையாகும். உறவினர்கள் இலாப நட்டத்தில் பங்கேற்கும் கூட்டாக முதல் திரட்டலாம். பணம், வேலையின் கட்டங்களைப் பொறுத்துத் தவணைகளாகவே வரும். அப்பணம் அமானிதம், வீட்டுத் திருமணத்திற்கோ மாடி கட்டவோ அதைத் தொடலாகாது.

இன்னொன்று, எந்தப் போட்டியில் சேர்வது என்பது விண்ணப்பிப்பவரின் உரிமை. கண்ணிவெடியைக் கண்டறியும் கருவியும் உண்டு; உயிர் பறிக்கும் கருவியும் உண்டு. கருவிக்கு நிய்யத் இல்லை, செய்பவனுக்கு உண்டு. கைமாறிய பின் அது எங்கே போகும் என்பது முழுதும் நம் கையில் இல்லை என்பதையும் எண்ணியே கையொப்பமிட வேண்டும். இதையே அம்மாணவரிடமும் கூறினேன்.

தந்தை சற்று நேரம் மௌனமாக இருந்தார். "முதலில் நம் வயலில் பறக்கட்டும். பிறகு விண்ணப்பத்தை நானும் படித்துப் பார்க்கிறேன்" என்றார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளின் விண்ணப்பங்களை நீங்களும் படித்துப் பாருங்கள். படிக்காமலே தடுக்கவும் வேண்டாம். படிக்காமலே அனுப்பவும் வேண்டாம்.

வஸ்ஸலாம்.