மலையூருக்கு எதற்குக் கண்ணாடிக் கடல்?

செல்வம் சேர்ந்த வீட்டின் வரவேற்பறை ஒவ்வொரு தலைமுறையிலும் ஓர் அணிகலனை வேண்டி நிற்கிறது. வெள்ளைத்துரையின் பங்களாச் சுவரில் மரையின் கொம்பும் சிறுத்தையின் தோலும் தொங்கின. காட்டை அழித்துக் கோப்பி நட்டவன், அக்காட்டில் வாழ்ந்த விலங்கின் தலையைச் சுவரில் மாட்டிவைத்துவிட்டுத் தன்னை இயற்கையின் நேசன் என்று கூறிக்கொண்டான். துரை போய்விட்டான், மரைக்கொம்பும் மதிப்பிழந்துவிட்டது. அவ்விடத்தில் இன்று வந்து அமர்ந்திருப்பது உப்புநீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டி. உள்ளே உயிருள்ள முருகைகள்; அவற்றிடையே செம்மஞ்சள் நிறக் கோமாளி மீன்; மேலே நீல ஒளி. தலைநகரின் மாடிவீடுகளுக்கு உரியதாயிருந்த இம்மோகம் இப்போது மலையேறி மாத்தளையையும் எட்டிப்பார்க்கிறது.

இது செல்வரின் வரவேற்பறையோடு நின்றிருந்தால் நாம் பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் நமது மாவட்டத்துப் பாடசாலையொன்றில் இத்தகைய தொட்டியொன்றை அன்பளிப்பாக அமைத்துத் தரலாம் என்று வசதி படைத்த பழைய மாணவர் சிலர் யோசனை கூறியிருக்கின்றனர். கடலைக் காணாத தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுவோம் என்பது அவர்களது வாதம். நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைதான். எனினும், நல்லெண்ணத்தில் பிறந்தது என்பதற்காக எதனையும் ஆராயாமல் ஏற்க வேண்டும் என்ற நியதி இல்லை. அத்தொட்டி பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டாது. கடலையும் அதில் உழைப்பவனையும் அவர்களது கண்ணிலிருந்து மறைக்கும். இதுவே நாம் கூற வருவது.

முதலில் அத்தொட்டி எவ்வாறு இயங்குகிறது என்று அறிந்துகொள்வோம். அறியாமல் எதிர்ப்பது பகுத்தறிவாகாது. விஞ்ஞான ஆசிரிய நண்பர்கள் விளக்கிய செய்திகள் இவை. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. கல்சியம் மட்டும் லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். முருகைப்பூச்சி தன் கல்வீட்டைக் கட்டுவது இதைக்கொண்டே. தொட்டிநீரின் வெப்பநிலை 25 அல்லது 26 பாகை செல்சியஸ் அளவில் அசையாது நிற்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து அமோனியா பிறக்கிறது, அது நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்குகிறது, அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாக்குகிறது. இப்பற்றீரியாக்கள் வளர்ந்து நிலைகொள்ளப் பல வாரங்கள் செல்லும். அவை குடியிருப்பதற்காகவே கடலிலிருந்து துளைகள் நிறைந்த ‘உயிர்க்கல்’ கொண்டுவந்து அடுக்கப்படுகிறது. கழிவை நுரையாக்கிப் பிரிக்க ஒரு கருவி, அலைக்குப் பதிலாக நீரைச் சுழற்ற ஒரு பம்பி, முருகையின் சதைக்குள் வாழும் நுண்பாசி உணவு சமைப்பதற்காகச் சூரியனுக்குப் பதிலாக விளக்குகள் என்று வேறு பலவும் வேண்டும். கடல் கூலி கேட்காமல் செய்யும் வேலைகளை இங்கே மின்மானி கணக்கெழுதிக்கொண்டு செய்கிறது.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. பம்பி நின்று சில மணிநேரம் கழிந்தால் தொட்டியின் உயிர்கள் ஒட்சிசன் இன்றித் தவிக்கத் தொடங்கும். எனவே தொட்டி வைத்திருப்பவனுக்கு மின்பிறப்பாக்கியும் வேண்டும். ஊரெல்லாம் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்களில், மீனுக்காக இயந்திரம் ஓட்டும் வசதி எத்தனை வீடுகளுக்கு இருந்திருக்கும்? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை மெழுகுவர்த்தி தேடிய நாட்கள் அவை.

நீரின் கதை இன்னும் கொடியது. குழாய்நீரையும் கிணற்றுநீரையும் அப்படியே ஊற்றினால் முருகை வாழாது. ஆதலால் ஆர்.ஓ. எனப்படும் இயந்திரத்தின் மென்சவ்வினூடாக நீரைச் செலுத்தி, கரைந்துள்ள யாவற்றையும் அகற்றிவிட்டு, பின்னர் கடையில் வாங்கிய கடலுப்பைக் கலக்கிறார்கள். ஒரு லீற்றர் தூயநீர் பெற வீட்டு இயந்திரம் சில லீற்றர் நீரைக் கழிவாக வெளியேற்றும். நமது மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில் வில்கமுவ என்றொரு பிரதேசம் உண்டு. காரணம் திட்டமாகக் கண்டறியப்படாத சிறுநீரக நோய் உழவர்களை வாட்டும் இடங்களில் அதுவும் ஒன்று. அந்நோய் பரவிய கிராமங்களில் மக்களுக்குக் குடிநீர் அளிக்க நிறுவப்படுவதும் இதே ஆர்.ஓ. இயந்திரமே. ஒரே மாவட்டத்தில், ஒரே சவ்வு, ஓரிடத்தில் உழவனின் உயிரைக் காக்கிறது; இன்னோரிடத்தில் வரவேற்பறை மீனுக்குப் பணிவிடை செய்கிறது. லயன் குடியிருப்பின் பொதுக்குழாயடியில் குடத்தோடு காத்திருந்துவிட்டுப் பாடசாலைக்கு வரும் மாணவியிடம், இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு எந்த விஞ்ஞானத்தைக் கற்பிக்கப் போகிறோம்?

இனி மீனின் பூர்வீகத்தைக் கேட்போம். நன்னீர் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறப்பவை. கடல் அலங்கார மீன்களோ பெரும்பாலும் முருகைத்திட்டிலிருந்து நேரே பிடிக்கப்படுபவை. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆண்டுதோறும் 2 கோடிக்கும் மேற்பட்ட கடல் மீன்கள் இவ்வாறு விற்கப்படுவதாகக் கணக்கிட்டது. இவ்வணிகம் 1930களில் சிறு அளவில் தொடங்கியது நமது இலங்கையிலேயே என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. அதிலுள்ள இன்னொரு கணக்கைக் கவனியுங்கள்: 2000ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து சென்ற அலங்கார மீன் ஒரு கிலோவின் பெறுமதி ஏறத்தாழ 500 அமெரிக்க டொலர், உண்ணும் மீன் ஒரு கிலோவின் பெறுமதி 6 டொலர்.

இந்த 500 டொலர் யாருடைய கையில் தங்குகிறது? சுழியோடி, தரகர், ஏற்றுமதியாளர், விமானக் கம்பனி, இறக்குமதியாளர், கடைக்காரர் என்று நீளும் சங்கிலியில், கடலுக்குள் இறங்குபவன் ஒருவனே. காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு நாளொன்றுக்குப் பலமுறை ஆழத்திற்குச் சென்று விரைந்து மேலெழுபவனின் இரத்தத்தில் நைதரசன் குமிழிகளாய்ப் பொங்கி, மூட்டுகளை முடக்கும், உயிரையும் பறிக்கும். இவ்வளவு ஆபத்தையும் சுமப்பவன் சங்கிலியின் கடைசிக் கண்ணி. விலையை நிர்ணயிக்கும் உரிமை அவனுக்கு இல்லை. தேயிலைக் கொழுந்துக்கும் இலண்டன் தேநீர்க் கோப்பைக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிந்த நமக்கு இக்கணக்கு புதியதல்ல.

மீனின் கதி என்ன? பொலித்தீன் பையில் சிறிது நீரும் ஒட்சிசனும் அடைத்து அனுப்பப்படும் மீன்களில் ஒரு பங்கு வழியிலேயே மடிகிறது. வீடு சேர்ந்தவற்றிலும் சில பட்டினியால் மடியும். வண்ணாத்தி மீன்களில் சிலவகை உயிர் முருகையைத் தவிர வேறொன்றையும் உண்ணா. தொட்டியில் இட்ட உணவு எதிரே மிதக்க, அவை மெலிந்து சாகின்றன. பெரிய மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று அவற்றைத் துப்புரவாக்கும் ஒரு சிறு நீலவரி மீன் உண்டு. கடலின் வைத்தியன் என்று அதனைச் சொல்லலாம். நோயாளிகள் இல்லாத கண்ணாடிச் சிறையில் அந்த வைத்தியனுக்கு உணவேது? இவை தொட்டிக்கு ஒவ்வாதவை என்று தெரிந்தும் விற்கப்படுகின்றன. மொக்சி எனப்படும் வலையை முருகையின்மேல் கவிழ்த்து, ஒளிந்த மீனை வெளியேற்ற முருகையையே உடைக்கும் முறையும் நமது கரைகளில் இருந்தது. பின்னர் அது சட்டத்தால் தடுக்கப்பட்டது.

எதிர்த்தரப்பாரின் வாதங்களில் வலுவான ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. முருகை உயிரோடு விற்கப்பட்டால் தொன் ஒன்று ஏறத்தாழ 7,000 டொலர் பெறும். சுண்ணாம்புக்காக உடைக்கப்பட்டால் 60 டொலர் மட்டுமே பெறும் என்று அதே அறிக்கை கூறுகிறது. உயிருள்ள திட்டினால் வருமானம் வந்தால் அதைக் காக்கக் கரையோர மக்கள் முன்வருவார்கள் என்பது வாதம். இதில் உண்மை இருக்கிறது. 1984ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தென்மேற்குக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 18,000 தொன் முருகைக்கல் சுண்ணாம்புச் சூளைகளுக்குச் சென்றது. அதன் விலை 2004 திசெம்பர் 26 அன்று தெரிந்தது. திட்டு எஞ்சியிருந்த ஹிக்கடுவையில் அலை கரையோரத்தில் அடங்க, சில மைல் வடக்கே, முருகை அகழப்பட்ட பெரலியவில் அது உள்நாடு புகுந்து ஒரு புகையிரதத்தையே புரட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது என்று ஆய்வாளர்கள் மறு ஆண்டே எடுத்துக்காட்டினர். டொலமைற்றுப் பாறை அகழும் மாத்தளையாராகிய நமக்கு, சுண்ணாம்புக்குக் கடலை உடைக்க வேண்டியதில்லை என்பது நன்றாகத் தெரியும்.

ஆகவே சூளையை விடச் சுழியோடியின் கைவலை மேலானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதன் தர்க்கரீதியான முடிவு என்ன? சுழியோடிக்கு நியாய விலையும் சிகிச்சை வசதியும் சங்கமும் வேண்டும். தொட்டியில் வாழாத இனங்களின் விற்பனை நிறுத்தப்பட வேண்டும். இன்னவிடத்தில் இன்னார் பிடித்தது என்ற பதிவு ஒவ்வொரு மீனுக்கும் வேண்டும். இவற்றைக் கோராமல் சுழியோடியின் பிழைப்பைக் கேடயமாகத் தூக்கிப் பிடிப்பவன், தன் பொழுதுபோக்கைக் காக்கவே ஏழையை முன்னிறுத்துகிறான். தொட்டி வைத்தே தீருவேன் என்பவர், கூண்டிலேயே பிறந்த கோமாளி மீனையும், தொட்டிகளில் துண்டு நட்டு வளர்த்த முருகையையும் மட்டும் வாங்கட்டும். இன்று இவை இரண்டும் இயல்பவையே. அது தனிமனிதரின் கடமை. பாடசாலையின் கடமை வேறு.

பாடசாலை உண்மையைக் காட்ட வேண்டிய இடம். முருகைத்திட்டின் இன்றைய உண்மை யாது? 1998இல் கடல்நீர் அளவுமீறிச் சூடேறியபோது, முருகைகள் தம்முள் வாழ்ந்த நுண்பாசியை இழந்து வெளிறின. ஹிக்கடுவையிலும், கற்பிட்டிக்கு அப்பாலுள்ள ‘பார் றீவ்’ என்னும் பெருந்திட்டிலும் பெரும்பகுதி மடிந்தது. மெல்லத் தேறிய பார் றீவை 2016இல் வெப்பம் மீண்டும் தாக்கியது. 2024இல் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது. அத்திட்டு இருக்கும் அதே கற்பிட்டிக் குடாநாட்டில்தான் 900 மெகாவாற்று நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் நிற்கிறது. தொட்டியின் விளக்கையும் குளிரூட்டியையும் இயக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கே எரியும் நிலக்கரியிலிருந்து வருகிறது. உலகெங்கும் எரியும் அத்தகைய நெருப்பே கடலைச் சூடாக்குகிறது. வெளியே திட்டு வெந்து வெளிற, உள்ளே 25 பாகையில் ஒரு போலித் திட்டு செழித்து நிற்கும். அதைப் பார்க்கும் பிள்ளை, கடல் நலமாக இருக்கிறது என்றல்லவா எண்ணும்!

அப்படியானால் மாத்தளைப் பிள்ளைக்குக் கடல் வேண்டாமா? வேண்டும். இப்பிள்ளைகளின் மூதாதையர் பாக்குநீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே பசியோடும் கொள்ளைநோயோடும் நடந்து இதே மாத்தளையை வந்தடைந்தவர்கள். அந்த வரலாற்றின் வாரிசுக்குக் கடலை ஒரு பெட்டியில் அடைத்துக் காட்டுவது அவமதிப்பு. அன்பளிப்புப் பணத்தில் பேருந்துகளை அமர்த்துவோம். தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலை செல்வோம். நிலாவெளிக் கரைக்கு அப்பால், 2003இல் தேசியப் பூங்காவாகிய புறாத்தீவு தெரியும். முருகையை மிதிக்காமல் கரையிலிருந்தே பார்ப்போம். வலை இழுக்கும் மீனவரோடு பிள்ளைகள் பேசட்டும். ஒரு நாள் போதும். அதை அவர்கள் ஆயுள் முழுதும் மறக்கமாட்டார்கள்.

நைதரசன் வட்டத்தைக் கற்பிக்க உப்புநீர் தேவையில்லை. பண்ணையில் பிறந்த நாலு கப்பி மீன்களும் ஒரு சாதாரணக் கண்ணாடித் தொட்டியும் போதும். உயிரினத்தின் அருமையைக் கற்பிக்கக் கடல்வரை போகவும் தேவையில்லை. நமது மாவட்டத்திலேயே, லக்கல பல்லேகமப் பக்கத்துக் களு கங்கையில், 1985இல் விஞ்ஞான உலகிற்கு அறிமுகமான ஒரு மீன் உண்டு. டொக்கின்சியா சிறீலங்கென்சிஸ் என்பது அதன் பெயர். இலங்கைக்கு வெளியே எங்கும் அது இல்லை. அந்த ஆற்றின் குறுக்கே அணை எழுந்தது; பழைய லக்கல பல்லேகம ஊர் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது; ஊராருக்குப் புதுநகர் கட்டப்பட்டது. தன் மாவட்டத்து ஆற்றுமீனின் பெயரை அறியாத மாணவனுக்குத் தொலைகடலின் கோமாளி மீனைக் காட்டுவது எந்தக் கல்விமுறை?

ஆசிரியத் தோழர்களே, இத்தகைய அன்பளிப்பு உங்கள் பாடசாலை வாயிலுக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். இம்மீனைப் பிடித்தவனுக்கு என்ன கொடுக்கப்பட்டது? இத்தொட்டிக்குரிய தூயநீரும் மின்சாரமும் யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்படும்? இப்பணத்தைக் கொண்டு எத்தனை பிள்ளைகள் கடலை நேரில் காணலாம்? மாணவ நண்பர்களே, ஆசிரியர் கேட்கத் தயங்கினால் நீங்கள் கேளுங்கள். முதலிரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாதென்றால், அத்தொட்டியை ஏற்கும் தகுதி அப்பாடசாலைக்கு இன்னும் வரவில்லை என்று பொருள். மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்ததும் பேருந்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்.